ஷட்டர் கண்ணாடி முதலா, ஹெட் டிராக்கிங் முதலா?

கேள்வி இதுதான். உயிர்வேதியியல் படிக்கும் ஒருவர் வீட்டுக் கணினியில் புரத மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் பார்க்க விரும்புகிறார். பழைய என்விடியா 3டி விஷன் கிட் ஒன்று, ஷட்டர் கண்ணாடியும் அதற்குச் சைகை அனுப்பும் அகச்சிவப்பு எமிட்டரும் சேர்த்து, மலிவாக வருகிறதாம். அதை வாங்கலாமா, இல்லை வெப்கேமை வைத்து ஹெட் டிராக்கிங், அதாவது தலை எங்கே இருக்கிறது என்று பின்தொடர்ந்து அதற்கேற்பப் படத்தை மாற்றுவது, செய்தாலே போதுமா, இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமா என்று கேட்கிறார்.

அந்தக் கிட்டை வாங்காதீர்கள். முதலில் ஹெட் டிராக்கிங் செய்து பாருங்கள், அதற்கு உங்களிடம் இருக்கும் வெப்கேமே போதும். அப்புறமும் கண்ணாடி வேண்டும் என்று தோன்றினால் வேறு வகை இருக்கிறது, அதற்குப் போகலாம். ஏன் இந்த வரிசை என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

ஆழம் நமக்குத் தெரிவதற்குப் பல வழிகள் உண்டு. இங்கே நமக்கு வேண்டியவை இரண்டு. இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறான படம் போவது ஒன்று. பெரியவர்களுக்கு இரு கண்மணிகளுக்கும் நடுவே சராசரியாக 63 மி.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் வரும் வித்தியாசத்தை மட்டும் வைத்தே மூளை ஆழத்தைக் கட்டிவிடும் என்பதை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன், சாய்த்து வைத்த இரண்டு ஆடிகளையும் இரண்டு கோட்டோவியங்களையும் வைத்தே காட்டிவிட்டார். இன்னொன்று, தலையை அசைக்கும்போது கிட்டத்தில் இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் இடம் மாறுவது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேசை மேல் இருப்பவற்றைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். எது முன்னால், எது பின்னால் என்பதில் சந்தேகமே வராது.

3டி என்றதும் கண்ணாடிதான் நினைவுக்கு வருகிறது என்றால் அது சினிமா பழக்கிய பழக்கம். கொட்டகையில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் தலையை என்று பின்தொடர்வது? மேசைக் கணினிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் முன்னால் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

இது இத்துறையில் புதிய சேதியும் இல்லை. ஐவன் சதர்லேண்ட் 1968இல் தலையில் மாட்டும் திரை ஒன்றைச் செய்தார். கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரக் கைதான் அதில் தலை எங்கே இருக்கிறது என்று அளந்தது. அதைப் பற்றிய கட்டுரையிலேயே, ஸ்டீரியோ, அதாவது கண்ணுக்கு ஒரு படம் காட்டுவது, முக்கியம்தான், ஆனால் தலை அசையும்போது படம் மாறுவது அதைவிட முக்கியம் என்று எழுதிவிட்டார். 25 வருடம் கழித்து, 1993இல், காலின் வேர், கெவின் ஆர்தர், கெல்லாக் பூத் மூவரும் இதைச் சாதாரண மேசைத் திரையில் அளந்தே பார்த்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ‘மீன்தொட்டி வி.ஆர்.’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சோதனை உங்கள் வேலைக்கு மிகவும் நெருக்கமானது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இரண்டு மரங்களைத் திரையில் வரைந்தார்கள். ஓர் இலையில் ஆரம்பித்து, கிளை வழியாக இறங்கி, அது எந்த மரத்தின் வேருக்குப் போகிறது என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். புரதத்தில் இரண்டு ஹீலிக்ஸுகள் (சுருள்கள்) நெருக்கமாக ஓடும் இடத்தில் எந்த லூப் (இணைப்பு வளைவு) எதோடு போய்ச் சேர்கிறது என்று தேடுகிறீர்களே, அதே வேலை. வெறும் தட்டைப் படத்தில் 22 சதவீதம் தவறு. ஸ்டீரியோ கண்ணாடி மட்டும் போட்டால் 14.7 சதவீதம். கண்ணாடி இல்லாமல் ஹெட் டிராக்கிங் மட்டும் இருந்தால் 3.2 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 1.3 சதவீதம். கண்ணாடி மூன்றில் ஒரு பங்குத் தவறைக்கூட முழுதாகக் குறைக்கவில்லை. ஹெட் டிராக்கிங் ஏழில் ஆறு பங்கைத் துடைத்துவிட்டது. உங்கள் பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதற்கு எனக்கு இந்த நான்கு எண்களே போதும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தலை அசைவதால் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி, மூலக்கூறை மவுஸால் திருப்பினாலும் கிடைக்கும். மூலக்கூறு வரையும் நிரலான பைமாலில் ‘ராக்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் மூலக்கூறு இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். அதை ஏதோ அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆடும்போது ஆழம் தெரிகிறது, நின்றதும் படம் தட்டையாகிவிடுகிறது, அதற்காகத்தான் அந்தப் பட்டன். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் ஓர் அணுவை மவுஸால் பிடிப்பது எரிச்சலான காரியம். ஹெட் டிராக்கிங்கில் நீங்கள் அசையாமல் இருந்தால் படமும் அசையாது. சந்தேகம் வந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொள்ளலாம், கை மவுஸிலேயே இருக்கும். லாபம் அங்கேதான்.

இன்னொன்று, 2007 டிசம்பரில் கார்னகி மெல்லனில் ஆய்வு மாணவராக இருந்த ஜானி லீ போட்ட வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். நின்டென்டோ வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அகச்சிவப்பு எல்.இ.டி. பொருத்திய பாதுகாப்புக் கண்ணாடியைத் தலையில் மாட்டி, இலக்குப் பலகைகள் திரையை விட்டு வெளியே வந்து நிற்பதுபோலக் காட்டினார். லட்சக்கணக்கானவர்கள் வாய் பிளந்தார்கள். அந்த வீடியோவில் கண்ணாக இருந்தது கேமரா, அதற்கு ஒரே கண். நிஜத்தில் நீங்கள் இரண்டு கண்ணால் பார்க்கும்போது, ‘இது தட்டையான திரைதான்’ என்று இருகண் பார்வை சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் வீடியோவில் பார்த்த அளவுக்குப் பிரமிப்பு நேரில் வராது. ஒரு கண்ணை மூடினால் அப்படியே வந்துவிடும். பிரமிப்பு குறைவதால் பயன் குறையாது, 3.2 சதவீதம் இரண்டு கண்ணும் திறந்திருந்தபோது வந்த கணக்குதான். ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு, தலையைப் பின்தொடராமல் விட்டால் என்ன ஆகும்? படம் கோணிப்போகும். கணக்கு எளிது. திரையிலிருந்து 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓர் அணு திரைக்கு 10 செ.மீ. முன்னால் மிதப்பதுபோல இரண்டு படங்களும் வரையப்பட்டிருக்கின்றன. நீங்கள் 10 செ.மீ. வலப்பக்கம் நகர்ந்தால் அந்த அணுவும் கிட்டத்தட்ட 1.7 செ.மீ. வலப்பக்கம் உங்களோடு நகரும். திரைக்கு 10 செ.மீ. பின்னால் இருக்கும் அணு அதே அளவு இடப்பக்கம் போகும். அதாவது மொத்த மூலக்கூறும் உங்கள் பக்கம் சாய்ந்து சாய்ந்து வருகிறது. பிணைப்புக் கோணங்களைக் கண்ணால் மதிப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஸ்டீரியோ படம் ஒரே ஓர் இடத்திலிருந்து பார்த்தால்தான் சரி, அந்த இடத்தில் யாரும் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருப்பதில்லை.

இப்போது அந்தக் கிட்டுக்கு வருகிறேன். 3டி விஷன் 2009இல் வந்தது. திரை ஒரு விநாடிக்கு 120 முறை மாறும், இடக்கண் படமும் வலக்கண் படமும் மாறி மாறி வரும், கண்ணாடியில் உள்ள திரவப் படிகத் தகடுகள் எமிட்டரின் சைகைக்கு ஏற்ப ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணைத் திறக்கும். தத்துவத்தில் குறை இல்லை. 1980களின் கடைசியில் ஸ்டீரியோகிராஃபிக்ஸ் நிறுவனத்தின் கிறிஸ்டல்ஐஸ் கண்ணாடியும் இதே தத்துவம்தான், மூலக்கூறு ஆய்வகங்கள் அதைப் பெரிய சி.ஆர்.டி. (பழைய படக்குழாய்) திரைகளோடு பல வருடம் வைத்திருந்தன. சிக்கல் இப்போதைய நிலைமையில். 2019இல் என்விடியா இந்தக் கண்ணாடிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 418 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்குப் பிறகு வந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் அந்தப் பழைய டிரைவரை ஏற்காது. எனவே கண்ணாடி மட்டும் மலிவு. கூடவே பழைய கார்டு, பழைய விண்டோஸ், அந்தக் கிட்டுக்கென்று தகுதி பெற்ற 120 ஹெர்ட்ஸ் மானிட்டர், எல்லாம் வேண்டும். பல வருடப் பழையதென்றால் கண்ணாடிக்குள் இருக்கும் பேட்டரியும் சந்தேகம்தான்.

எல்லாம் கிடைத்தாலும் கோஸ்டிங் இருக்கும், அதாவது ஒரு கண்ணுக்குரிய படம் மற்றக் கண்ணிலும் லேசாகத் தெரிவது. எல்.சி.டி. திரை மேலிருந்து கீழாக வரி வரியாக மாறுகிறது. 120 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்குக் கிடைப்பதே 8.3 மில்லிவிநாடி. மேல் வரிகள் புதுப் படத்துக்கு வந்துவிட்டபோது கீழ் வரிகள் பழைய படத்திலேயே நிற்கும். அந்த இடைவேளையில் தகட்டைத் திறந்தால் கலப்படம், திறக்காமல் காத்திருந்தால் இருட்டு. கருப்புப் பின்னணியில் வெள்ளைக் குச்சி மாடல் வரைந்து பாருங்கள், ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில் ஒரு சாம்பல் குச்சி நிற்கும். மூலக்கூறு வரையும் நிரல்கள் பெரும்பாலும் கருப்புப் பின்னணியோடுதான் திறக்கின்றன, கோஸ்டிங்குக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. பின்னணியைச் சாம்பலாக்கினால் ஓரளவு அடங்கும். 2011இல் வந்த லைட்பூஸ்ட் மானிட்டர்கள், தகடு திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் பின்விளக்கைப் பளிச்சென்று அடித்து இதை வெகுவாகக் குறைத்தன. உங்களுக்கு வருவது அதற்கு முந்திய ஜோடி என்றால் அந்த நல்ல காலமும் இல்லை.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு தொல்லை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே சோக் வைத்த பழைய ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஒவ்வொரு கண்ணின் தகடும் 60 முறை திறக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால், சுவரும் மேசையும் விநாடிக்கு 20 முறை மினுங்குவதுபோல ஓரக்கண்ணில் படும். அரை மணி நேரத்தில் தலைவலி. திரையை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலோ, லைட்டை அணைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடியைக் குற்றம் சொல்லி மூலையில் போட்டவர்களில் பலருக்கு உண்மையில் தொல்லை கொடுத்தது தலைக்கு மேலிருந்த ட்யூப்லைட்தான் என்பது என் ஊகம்.

ஒளியின் முனைவாக்கத்தை வைத்து இரு கண் படங்களைப் பிரிக்கும் போலராய்டு வகைக் கண்ணாடிதான் இப்போது வாங்கத் தகுந்தது. இதில் திரையின் ஒற்றைப்படை வரிகள் ஒரு கண்ணுக்கு, இரட்டைப்படை வரிகள் மறு கண்ணுக்கு. கண்ணாடியில் பேட்டரி கிடையாது, மினுங்கல் கிடையாது, எடையும் கிடையாது. 1080 வரியில் ஒரு கண்ணுக்கு 540தான் வரும், அது நஷ்டம். 2017 வாக்கில் பெரிய நிறுவனங்கள் 3டி டி.வி.யையே விட்டுவிட்டன, அதனால் எல்லாம் பழைய பொருள்தான். பைமாலில் ‘ஸ்டீரியோ பைரோ’ என்று கட்டளை கொடுத்தால் இந்தத் திரைக்கு ஏற்றபடி வரி வரியாக வரையும். ஒன்றைக் கவனியுங்கள்: டி.வி.யில் ஓவர்ஸ்கேன் இருந்தால் படம் சற்றே பெரிதாக்கப்பட்டு, வரிகள் இடம் மாறி, ஸ்டீரியோ மொத்தமாகக் கெட்டுவிடும். கணினி அனுப்பும் ஒரு வரி திரையின் ஒரு வரியில் அப்படியே விழ வேண்டும். சிவப்பு-நீலப் பச்சைக் காகிதக் கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, எந்தத் திரையிலும் வேலை செய்யும், ஆனால் அணுக்களுக்குக் கொடுத்த நிறங்களையெல்லாம் தின்றுவிடும்.

இனி ஹெட் டிராக்கிங். ஆரம்பத்திலேயே பலர் வழி தவறும் இடம் ஒன்று இருக்கிறது. விமான விளையாட்டுகளுக்காக விற்கும் டிராக்ஐஆர் போன்றவையும், ஓபன்டிராக் என்ற இலவச நிரலும், தலை எவ்வளவு திரும்பியது என்பதைப் பெரிதாக்கிக் கொடுப்பதற்காகப் பயன்படுகின்றன. தலையைக் கொஞ்சம் திருப்பினால் விமானி முழுதாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பார். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. திரையை ஒரு ஜன்னலாக நினைத்தால், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கிட்டத்தட்டத் தேவையே இல்லை. கண் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் வேண்டும்: இடம்-வலம் எவ்வளவு, மேல்-கீழ் எவ்வளவு, திரையிலிருந்து தூரம் எவ்வளவு. அந்தக் கருவிகளும் இந்த மூன்று எண்களைத் தரும். தலை திரும்பிய கோணங்களான மற்ற மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

வெப்கேமில் கூகுளின் மீடியாபைப் நிரலகம் முகத்தில் 468 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும், கருவிழிப் புள்ளிகளும் சேர்ந்தால் 478. தூரத்தைக் கணக்கிடுவதற்கு, எல்லோருக்கும் கருவிழியின் அகலம் ஏறக்குறைய 11.7 மி.மீ. என்ற உண்மையைப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள். கேட்க அழகு. போட்டுப் பார்த்தால் வேறு கதை. 1280 பிக்சல் அகலமும் 60 டிகிரி பார்வைக் கோணமும் உள்ள கேமராவில், 60 செ.மீ. தூரத்தில் கருவிழி சுமார் 22 பிக்சல்தான். அதில் ஒரு பிக்சல் பிசகினால் தூரம் கிட்டத்தட்ட 3 செ.மீ. தவறும், படம் முன்னும் பின்னும் நடுங்கும். அதற்குப் பதிலாக இரு கண்மணிகளின் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது அதே தூரத்தில் 116 பிக்சல், ஒரு பிக்சல் பிசகுக்கு அரை செ.மீ.தான் தவறும். உங்கள் இடைவெளி எவ்வளவு என்று முகம் பார்க்கும் ஆடியின் முன் ஸ்கேலை வைத்து ஒரே ஒரு முறை அளந்து எழுதிவிடுங்கள். கண்ணாடிக் கடையில் கொடுத்த சீட்டில் பி.டி. என்று இருந்தாலும் அதுவே. தலையை 20 டிகிரி திருப்பினால் இந்த இடைவெளி 6 சதவீதம் குறுகித் தெரியும், நீங்கள் பின்னால் போய்விட்டதாக நிரல் நினைத்துக்கொள்ளும். முகப்புள்ளிகளிலிருந்தே திருப்பக் கோணம் கிடைக்கும், அதை வைத்துத் திருத்திவிடலாம்.

தாமதம்தான் பெரிய எதிரி. 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கே 33 மில்லிவிநாடி. முகத்தைக் கண்டுபிடித்து, வரைந்து, திரைக்கு வந்து சேர்வதற்குள் மொத்தம் 100 மில்லிவிநாடி சாதாரணமாக ஆகிவிடும். விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் தலையை நகர்த்தினால் படம் 2 செ.மீ. பின்தங்கி வரும், மூலக்கூறு ஜெல்லிபோல ஆடும். முதல் மருந்து விளக்கு. இருட்டு அறையில் பல வெப்கேம்கள் தானாகவே 15 படத்துக்கு இறங்கிவிடும். முகத்துக்கு எதிரே ஒரு மேசை விளக்கை வைத்து, தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அடுத்தது நடுக்கம். எண்களை வெறுமனே சராசரி எடுத்தால் நடுக்கம் போகும், தாமதம் ஏறும். ‘ஒன் யூரோ ஃபில்டர்’ என்று 2012இல் வந்த ஒரு சின்ன வடிகட்டி இருக்கிறது, எழுதினால் ஐம்பது வரிகூட வராது. தலை மெல்ல நகரும்போது அதிகமாக வழவழப்பாக்கும், வேகமாக நகரும்போது விட்டுவிடும். இந்த வேலைக்கு அதைவிட நல்லதை நான் தேடவே இல்லை.

கண் இருக்குமிடம் கிடைத்தபின் செய்ய வேண்டிய கணக்கில்தான் பெரும்பாலான வீட்டு முயற்சிகள் கெடுகின்றன. காட்சியை வரையும் கற்பனைக் கேமராவைத் திருப்பக் கூடாது, பார்வைப் பெட்டகத்தை, அதாவது கண்ணிலிருந்து திரையின் நான்கு விளிம்புகள் வழியாக விரியும் பார்வைப் பரப்பை, கோணலாக்க வேண்டும். திரையின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் மி.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். 24 அங்குல மானிட்டர் என்றால் சுமார் 531-க்கு 299. கண் திரை நடுவிலிருந்து 100 மி.மீ. வலப்பக்கம், 600 மி.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அருகுத் தளம், அதாவது வரைதல் தொடங்கும் மிகக் கிட்டத்துத் தளம், கண்ணிலிருந்து 100 மி.மீ. என்றால், இடது எல்லை 100 × (−265.5 − 100) ÷ 600, அதாவது −60.9. வலது எல்லை 100 × (265.5 − 100) ÷ 600, அதாவது 27.6. மேல்-கீழுக்கும் இதே மாதிரி. இந்த நான்கு எண்களையும் ஓபன்ஜிஎல் என்ற வரைகலை நிரலகத்தின் ‘ஃப்ரஸ்டம்’ கட்டளைக்கோ, பிரவுசரில் 3டி வரையும் த்ரீ.ஜேஎஸ்ஸில் புரொஜெக்ஷன் அணியை அமைக்கும் சார்புக்கோ கொடுத்து, காட்சியைக் கண்ணின் இடத்துக்கு எதிர்ப்புறம் நகர்த்தினால் முடிந்தது. வெப்கேம் திரையின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, திரையின் நடுவில் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மூலக்கூறை ஏற்றாதீர்கள். திரைச் சட்டத்தோடு ஒட்டிய வாயும், உள்ளே 30 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு கம்பிப் பெட்டியை வரையுங்கள். தலையை எங்கே நகர்த்தினாலும் பெட்டியின் வாய் சட்டத்தை விட்டு ஒரு பிக்சல்கூட அசையக் கூடாது, உட்சுவர்கள் மட்டும் திறந்து மூட வேண்டும். வாய் அசைந்தால் கணக்கு தப்பு. 1992இலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த மைக்கேல் டீரிங் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, திரைக் கண்ணாடியின் வளைவையும் ஒளிவிலகலையும்கூடக் கணக்கில் சேர்த்தார். இன்றைய தட்டைத் திரைக்கு அவ்வளவு வேண்டாம்.

பைமாலுக்குள் இந்தக் கோணல் பெட்டகத்தை நுழைப்பது சுலபமில்லை. அவசரத்துக்கு, கண் எவ்வளவு கோணத்தில் நகர்ந்ததோ அவ்வளவு மூலக்கூறைப் பைத்தான் ஸ்கிரிப்டில் ‘டர்ன்’ கட்டளையால் திருப்பிவிடலாம். தலை வலப்பக்கம் போனால் மூலக்கூறின் வலப்பக்கம் கூடுதலாகத் தெரிய வேண்டும், திசையை அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது தோராயம்தான், ஆனால் ஒரு மாலையில் செய்துவிடலாம். முழுமையாக வேண்டும் என்றால் த்ரீ.ஜேஎஸ் வழி நல்லது. அதன் மாதிரி நிரல்களில் பி.டி.பி. எனும் மூலக்கூறு அமைப்புக் கோப்பைப் படிக்கும் லோடர் இருக்கிறது, மீடியாபைப்பும் பிரவுசரிலேயே ஓடும்.

இரண்டையும் சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். கணக்கில் அது சிரமமே இல்லை. மேலே சொன்ன அதே சூத்திரத்தை, கண்ணின் இடத்தை 31.5 மி.மீ. இப்படியும் அப்படியும் தள்ளி, இரண்டு தடவை போட வேண்டும், அவ்வளவே. வரையும் இரண்டு கற்பனைக் கேமராக்களையும் உட்புறமாகத் திருப்பி வைக்கும் குறுக்குவழி வேண்டாம். ஓரங்களில் ஒரு கண்ணின் படம் மேலேயும் மற்றது கீழேயும் போய்க் கண்ணை இழுக்கும். நடைமுறையில்தான் இடிக்கும். கருத்த கண்ணாடி போட்டதும் கண்மணி மறைந்துவிடும், வெப்கேம் தடுமாறும். அதனால்தான் ஸீஸ்பேஸ் போன்ற கருவிகளில் போலராய்டு கண்ணாடியின் சட்டத்திலேயே ஒளியைத் திருப்பியடிக்கும் புள்ளிகளை வைத்து, முகத்தை விட்டுவிட்டு அவற்றைப் பின்தொடர்கிறார்கள். வரி வரியான போலராய்டு திரை, தலை மேலும் கீழும் அதிகம் போனால் கலப்படம் காட்டும், எனவே பயன் இட-வல அசைவில்தான். பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்தால் அவருக்கு எல்லாம் கோணலாகவே தெரியும். 1992இல் சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த கேவ் என்ற அறை அளவு ஏற்பாட்டிலும் இதே கதைதான், தலை டிராக்கரை மாட்டியவருக்கே காட்சி சரி.

கண்ணாடியை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். கண்ணாடியே எஜமானாக இருக்கும் துறையும் உண்டு. செயற்கைக்கோள் படங்களிலிருந்து நில உயரத்தை அளப்பவர்களைப் பாருங்கள். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1இல் இரண்டு கேமராக்கள், ஒன்று 26 டிகிரி முன்னோக்கி, மற்றது 5 டிகிரி பின்னோக்கி. ஒரே நிலத்தின் இரண்டு படங்கள், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. தலையை எப்படி அசைத்தாலும் மூன்றாவது கோணம் எங்கிருந்தும் வராது. அங்கே அசையாமல் உட்கார்ந்து, ஸ்டீரியோவில் மிதக்கும் அளவுப் புள்ளியை ஒரு பாறையின் தலையில் இறக்கி உயரம் குறிப்பார்கள். இரண்டு மானிட்டர்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து, நடுவே பாதி ஒளியை மட்டும் திருப்பும் ஆடி வைத்த திரைகளில் இந்த வேலை நடக்கும். கோஸ்டிங் மிகக் குறைவு, பிக்சல் நஷ்டம் இல்லை, விலை மட்டும் வயிற்றில் அடிக்கும். உங்கள் புரதம் முழு முப்பரிமாண மாதிரியாகவே கணினியில் இருக்கிறது. எந்தக் கோணத்திலிருந்தும் வரையலாம். அதனால்தான் உங்களுக்கு வேறு பதில்.

கண்ணாடியே இல்லாத திரைகள் பற்றியும் ஒரு வார்த்தை. சோனியின் 15.6 அங்குலத் திரை 2020இல் வந்தது, சாம்சங்கின் 27 அங்குல ஒடிஸி 3டி 2025இல். இரண்டிலும் கேமரா உங்கள் கண்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படத்தை அனுப்புகிறது. டிராக்கிங் இல்லாவிட்டால் இவை நிற்கவே நிற்காது. 2011இன் நின்டென்டோ 3டிஎஸ் கையைச் சற்று அசைத்தாலே படம் உடைந்ததும், பின்னால் வந்த நியூ 3டிஎஸ்ஸில் முகத்தைப் பின்தொடர்ந்து சரிசெய்ததும் அதே காரணத்தால்தான். மாணவர் கைக்கு இந்தத் திரைகளின் விலை எட்டாது. கல்லூரியில் வி.ஆர். ஹெட்செட் இருந்தால் கைமேராஎக்ஸ் என்ற மூலக்கூறு நிரலில் அதை இணைக்கலாம், அதையும் ஒரு தடவை பாருங்கள்.

எதை வாங்கினாலும் நீண்ட நேர ஸ்டீரியோ கண்ணைக் களைக்க வைக்கும். கண்கள் மிதக்கும் அணுவை நோக்கிக் குவிகின்றன, ஆனால் லென்ஸ் திரையின் தூரத்துக்கே ஃபோகஸ் செய்தாக வேண்டும். இரண்டும் இழுபறி. 60 செ.மீ. தூரத்தில் மூலக்கூறின் நடுவைத் திரைத் தளத்தில் வைத்து, முன்னும் பின்னும் சில செ.மீ.க்குள் அடக்கினால் சமாளிக்கலாம். முகத்தில் வந்து இடிக்கும் அளவுக்கு இழுத்தால் பத்து நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடுவீர்கள்.

இன்றைக்கே, காசில்லாமல், ஒரு சோதனை செய்துவிடுங்கள். பைமாலில் ‘ஸ்டீரியோ கிராஸ்ஐ’ போட்டு, திரைக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு பேனா முனையைப் பார்த்தபடி கண்களைக் குவியுங்கள். இரண்டு படங்கள் மூன்றாகித் தெரியும், நடுவில் இருப்பது ஆழத்தோடு எழும்ப வேண்டும். சிலருக்கு இந்தக் கண்பயிற்சி படிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், காகிதச் சிவப்பு-நீலப் பச்சைக் கண்ணாடியிலும் பாருங்கள். சின்ன வயதில் மாறுகண்ணோ சோம்பேறிக் கண்ணோ இருந்தவர்கள் பலருக்கு இருகண் ஆழம் தெரிவதே இல்லை, அது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. அப்படி இருந்தால் எந்தக் கண்ணாடிக்கும் செலவழிக்க வேண்டாம், ஹெட் டிராக்கிங் ஒரு கண்ணிலும் முழுதாக வேலை செய்யும். ஆழம் தெரிகிறது, கம்பிப் பெட்டியும் ஆடாமல் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றுகிறது என்றால், பழைய போலராய்டு 3டி மானிட்டரோ டி.வி.யோ தேடுங்கள். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: கண்ணாடிக்கு பேட்டரி உண்டா, திரையில் ஓவர்ஸ்கேனை அணைக்க வழி இருக்கிறதா. முதல் கேள்விக்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்று வந்தால் வாங்கலாம்.